வரும் வழிக்கான சாப்பாடு

திருகோணமலையில் துடுப்பு வலிக்கப் போகிறவர் சாப்பாட்டைத் தீர்மானிக்க முன்னர் காற்றைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடல் தட்டையாகக் கிடக்கும். உப்புவெளியும் நிலாவெளியும் சுற்றுலாக்காரரால் நிறைவது அந்த மாதங்களில்தான். கச்சான் காற்றும் அந்த மாதங்களுக்குரியதே. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடேறி எங்கள் பக்கம் இறங்கும் காற்று அது. அது வலுக்கும் நாளில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலை எழும்பாது, தண்ணீர் கண்ணாடி போலிருக்கும், கயாக் தானாகவே ஓடும். திரும்பும்போதுதான் விஷயம் புரியும். போக இருபது நிமிடம் எடுத்த தூரத்துக்கு வர ஒரு மணித்தியாலம் ஆகலாம்.

இந்த அத்தியாயத்தின் கணக்கு முழுவதும் அந்தத் திரும்பும் பயணத்துக்கானது. போகும்போது யாருக்கும் பசிப்பதில்லை. வரும்போது பசி என்று தெரியாமலே கை சோரும், துடுப்பு ஆழமாக இறங்காது, படகின் மூக்கு காற்றோடு திரும்பிவிடும். அப்போது சாப்பிட நினைத்தாலும் துடுப்பை விட முடியாது. விட்டால் காற்று உங்களை மறுபடி வெளியே கொண்டுபோகும்.

வாடை வீசும் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வெளிக்கடலை மறந்துவிடுங்கள். அந்த மாதங்களில் பயிற்சி என்றால் மலைகள் சூழ்ந்த உள்துறைமுகத்தின் ஒதுக்கான நீர்தான். அங்கும் கடற்படைத் தளம், துறைமுக எல்லை என்று தடுக்கப்பட்ட பகுதிகள் உண்டு. எங்கே இறங்கலாம் என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கைக்கு வேண்டிய எரிபொருள்

சோறு, பாண், கிழங்கு, சீனி எல்லாம் செரித்துக் குளுக்கோஸாகி, மிஞ்சியது கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படும். நன்றாகச் சாப்பிட்ட வளர்ந்தவர் உடம்பில் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். கிராமுக்கு நான்கு கிலோகலோரி என்று பார்த்தால் ஏறக்குறைய 2000. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரண வேகத்தில் கயாக் வலித்தால் மணித்தியாலத்துக்குச் சுமார் 300 கிலோகலோரி செலவாகும். அதில் ஒரு பகுதியைக் கொழுப்பும் கொடுக்கும். அப்படியானால் ஏழெட்டு மணித்தியாலம் ஓடலாமே என்று தோன்றும்.

ஓட முடியாது. தசையில் சேமித்த கிளைக்கோஜனை அந்தத் தசைதான் பயன்படுத்தும். அதைக் குளுக்கோஸாக இரத்தத்தில் விட்டு இன்னொரு தசைக்கு அனுப்பும் நொதி தசையில் இல்லை. சேமிப்பின் பெரும் பங்கு தொடையிலும் காலிலும் கிடக்கிறது. ஓட்டக்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் அது கைகொடுக்கும். துடுப்பு வலிப்பவரோ தோள், முதுகு, முழங்கை, இடுப்பைக் கொண்டு வேலை செய்கிறார். கால் முண்டு கொடுத்தாலும் முக்கியமான வேலை மேலுடம்புக்கே. அங்குள்ள சிறிய சேமிப்பு தீர்ந்த பின் இரத்தத்தில் வருகிற குளுக்கோஸையும் கொழுப்பையும்தான் நம்பியிருக்க வேண்டும். ஈரலிலிருந்து வரும் குளுக்கோஸ் சுமார் 100 கிராம்தான். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த ஈரலில் விடியும்போது அதிலும் பாதியாவது குறைந்திருக்கும்.

ஆகவே வெறும் வயிற்றில் வெள்ளெனப் புறப்படும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. "கொழுப்புக் கரையும்" என்று சொல்லிக்கொண்டு ஒரு பிளேன்டீயோடு கடலுக்கு இறங்குகிறவர்களைக் கரையில் அடிக்கடி பார்க்கலாம். கரையோரம் அரை மணித்தியாலம் சுற்றுவதென்றால் பரவாயில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தள்ளி நிற்கும் புறாத்தீவுக்குப் போய் வருவதென்றால் அது விளையாட்டல்ல. 2003 முதல் அது தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டில்லாமல் இறங்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் பெரிய தூரத்தை எண்ணிப் பாருங்கள். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து திரும்பியும் நீந்தினார். மொத்தம் 51 மணித்தியாலம். அவருக்கு முன் 1954இல் நவரத்தினசாமி என்பவர் பாக்கு நீரிணையை ஒருவழியாக நீந்திக் கடந்தார். உடம்பில் சேமித்த மாச்சத்து அந்த நேரத்தின் ஒரு சிறு பங்குக்குத்தான் போதும். அவ்வளவு நேரம் நீரில் இருப்பவர் நீந்திக்கொண்டே சாப்பிட வேண்டும். நெடுந்தூர நீச்சலில் துணைப் படகில் இருப்பவரின் முதல் வேலையே நேரம் பார்த்து ஊட்டுவதுதான். கயாக்கில் அந்தத் துணை ஆள் இல்லை. நீங்களே நேரம் பார்க்க வேண்டும்.

முதல்நாள் இரவும் விடியற்காலையும்

மறுநாள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வலிக்கப் போகிறீர்கள் என்றால் முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் சோற்றையோ புட்டையோ வழக்கத்தைவிட ஒரு பிடி கூட்டி, பொரியலையும் தேங்காய்ப்பாலையும் ஒரு கரண்டி குறையுங்கள். ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 40 முதல் 45 கிராம் மாச்சத்து உண்டு. கால் இறாத்தல் பாணில் ஏறக்குறைய 55 கிராம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதைக் கண்ணாலேயே அளக்கலாம். கொத்து ரொட்டி வேண்டாம். அதில் மா நிறைய இருந்தாலும் எண்ணெயும் அதே அளவுக்கு உண்டு, பத்து மணிக்குச் சாப்பிட்டது விடிய ஐந்து மணிக்கும் நெஞ்சில் நிற்கும்.

புறப்பட இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னரே எழும்பக்கூடியவர் உடல் எடையில் கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் மாச்சத்து எடுக்கலாம். 60 கிலோக்காரருக்கு 60 முதல் 120 கிராம். எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாட்டில் இதற்கு மிகப் பொருத்தமானது இடியப்பம். ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, சீக்கிரம் செரிக்கும். கட்டிச் சொதியைத் தவிர்த்து, பால் குறைத்த தண்ணிச் சொதியும் ஒரு முட்டையும் எடுங்கள். புட்டும் நல்லதே. ஆனால் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டு அவித்த புட்டு நேரமெடுத்துச் செரிக்கும். குரக்கன் புட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குரக்கனில் கல்சியமும் நாரும் அதிகம், அன்றாடச் சாப்பாட்டுக்கு அரிசிமாப் புட்டைவிட மேல். அந்த நாரே கடலுக்குப் போகிற காலையில் வயிற்றை உப்ப வைக்கும். குரக்கனையும் கடலையையும் கௌபியையும் கடலுக்குப் போகாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செத்தல் மிளகாய் இடித்த சம்பல் இல்லாமல் இடியப்பம் இறங்காது என்பார்கள். கயாக்கில் உட்காரும் விதத்தை நினைத்துப் பாருங்கள். காலை நீட்டி, இடுப்பை முன்னுக்கு மடித்து, ஒவ்வொரு வலிப்புக்கும் வயிற்றை முறுக்கித் திருப்புகிறீர்கள். வயிற்றிலுள்ள காரமும் புளியும் நெஞ்சுக்கு ஏறுவதற்கு அதைவிட வசதியான இருப்பு இல்லை. நின்றுகொண்டு பலகை வலிப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. நீர்மூழ்கச் செல்பவருக்கோ அதிகம், தலைகீழாக இறங்க வேண்டியிருக்குமே.

விடிய ஐந்தரைக்குப் புறப்படுகிறவருக்கு மூன்று மணிக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்க வீட்டில் யாரும் எழும்பமாட்டார்கள். அப்படிப் புறப்படுகிறவருக்குப் பழஞ்சோறு இருக்கிறது. கரைவலை இழுக்கிறவர்களும் வள்ளத்தில் போகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக இதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்கினார்கள். ஊறிய சோறு, அதன் தண்ணீர், உப்பு, சின்ன வெங்காயம், கொஞ்சம் தயிர். மாச்சத்தும் தண்ணீரும் உப்பும் ஒரே கோப்பையில் கிடைத்துவிடுகின்றன. விளையாட்டு வீரருக்கென்று விற்கும் பொதிகளிலும் அடிப்படையில் இவைதான் இருக்கின்றன. இரவு சோறு ஆறியவுடன் தண்ணீர் மூழ்க ஊற்றி மூடி வையுங்கள். சட்டியில் மணிக்கணக்காகச் சும்மா கிடந்த சோற்றுக்கு விடியத் தண்ணீர் ஊற்றினால் அது பழஞ்சோறாகாது, வயிற்றோட்டம்தான் வரும். இலேசான புளிப்பு மணம் சரி. நூல்விட்டால் கொட்டிவிடுங்கள்.

எதுவுமே இறங்காது என்பவருக்கு, புறப்பட அரை மணித்தியாலம் முன் இரண்டு கதலி வாழைப்பழமும் சீனி போட்ட தேநீரும். இல்லாவிட்டால் சமபோஷாவில் இரண்டு மூன்று கரண்டியைச் சீனியும் வெந்நீரும் விட்டுக் குழைத்து இரண்டு உருண்டை. இவ்வளவு போதும், மிச்சத்தைக் கடலில் பார்த்துக்கொள்ளலாம்.

படகில்

ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற சுற்றுக்குத் தண்ணீர் மட்டும் போதும். அதற்கு மேல் போனால் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும், அதுவும் முதல் அரை மணித்தியாலத்திலிருந்தே. பசி வந்தபின் சாப்பிட்டால் அது கைக்கு வேலை செய்ய நேரமெடுக்கும். கச்சான் நாளில் இன்னொரு விதி: திரும்பும் புள்ளியை அடைந்தவுடன், படகைத் திருப்ப முன்னர், தின்று குடித்து முடித்துவிடுங்கள். தீவின் மறைவிலோ பாறை ஒதுக்கிலோ நின்றால் இன்னும் நல்லது.

எதைக் கொண்டுபோவது? ஈரக் கையால், ஒரு கையால், இரண்டு கடியில் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பேரீச்சம்பழம் இதில் முதல். கிண்ணியாவிலும் மூதூரிலும் எந்தக் கடையிலும் வருடம் முழுக்கக் கிடைக்கும். கொட்டையை எடுத்துவிட்டு லைஃப் ஜக்கட் பையில் போட்டால் வெயிலிலும் கெடாது. நான்கைந்து பழத்தில் 30 கிராம் கிடைத்துவிடும். பனங்கட்டித் துண்டும் அப்படியே, ஈரம் படாமல் சுற்றி வைக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. வாழைப்பழம் நல்ல உணவு, ஆனால் படகில் நசியும். அவித்த வற்றாளங்கிழங்கை உப்புத் தூவித் துண்டாக்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டால் இனிப்பே வாயில் திகட்டும் நேரத்தில் அருமையாக இருக்கும், 100 கிராமில் 20 கிராம் மாச்சத்து. எள்ளுருண்டையும் கச்சான் அல்வாவும் எனக்கும் பிடிக்கும். அவற்றில் கொழுப்பு கூட, மெல்லவும் நேரமெடுக்கும். மெதுவாக நாள் முழுக்கச் சுற்றுகிற பயணத்துக்கு அவை பொருந்தும், காற்றோடு மல்லுக்கட்டும்போது பொருந்தா.

சொக்லேட் உருகும். பிஸ்கட் கடல்நீர் பட்டால் கூழாகும். உறைகளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். புறாத்தீவின் பவளப்பாறையை ஏற்கெனவே போதிய அளவு கெடுத்துவிட்டோம்.

தண்ணீரும் உப்பும்

கச்சான் வறண்ட காற்று. வியர்வை தோலில் நிற்காமல் உலர்ந்துவிடும், அதனால் வியர்க்கவில்லை என்று நினைப்பீர்கள். உண்மையில் மணித்தியாலத்துக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றருக்கும் மேல் போகலாம். ஆளுக்கு ஆள் இது வேறுபடுவதால் உங்கள் கணக்கை நீங்களே எடுக்க வேண்டும். புறப்பட முன் உடையில்லாமல் எடை பாருங்கள், வந்தபின் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 60 கிலோவாகப் போனவர் அரை லீற்றர் குடித்தும் 59.2 ஆக வந்தால் அவர் இழந்தது 1.3 லீற்றர். உடல் எடையில் 2 சதவீதம் குறைந்தால் வலிப்பு தளரத் தொடங்கும். அந்த எல்லை இவருக்கு 1.2 கிலோ. இரண்டு மூன்று தடவை இப்படிப் பார்த்தால் எத்தனை போத்தல் கட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வீட்டிலேயே கலக்கலாம்: கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீர், மட்டமாக ஐந்து மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். இதில் 60 கிராம் சீனி, அதாவது 6 சதவீதம். இதைவிடத் தித்திப்பாக்கினால் வயிற்றில் தங்கிக் குமட்டும். கடைச் சோடாக்கள் பலவும் இதைவிட மிகத் தித்திப்பு, போதாததற்கு வாயுவும்.

செவ்விளநீரைப் பற்றி ஊரில் மிதமிஞ்சிய நம்பிக்கை இருக்கிறது. அது நல்ல பானம், குடிக்க மனம் வரும் என்பதே பெரிய நன்மை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். கரைக்கு வந்து இளநீர் குடிக்கும்போது ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள், அல்லது கூடவே உப்புள்ள எதையாவது தின்னுங்கள். ஜீவனி போன்ற உப்புநீர்க் கரைசல் வயிற்றோட்டத்துக்கு உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, கைக்கு எரிபொருளாக அது போதாது. கடும் வெயிலில் உப்பு இழந்தவருக்கு அது உதவும், சாப்பாட்டுக்குப் பதிலாக நிற்காது.

மறுபக்கமும் உண்டு. நாள் முழுக்க மெதுவாக வலித்துக்கொண்டு, பயத்தில் வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் ஐதாகிவிடும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடிக்கக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. போனதைவிட எடை கூடி வந்தவர் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறார். எடை பார்க்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கரைக்கு வந்தபின்

மறுநாள் ஓய்வென்றால் அவசரமில்லை, அடுத்த சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். பின்னேரம் மறுபடி இறங்க வேண்டும் என்றால் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் சோறோ பாணோ தொடங்கிவிடுங்கள். இழந்த தண்ணீரைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு சிறுகச் சிறுகக் குடியுங்கள். 60 கிலோக்காரருக்கு ஒரு வேளைக்கு 20 கிராம் புரதம் வேண்டும், நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து.

இந்த ஊரில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் மீனில் 20 கிராம். சூடை, நெத்தலி போன்ற சின்ன மீனை முள்ளோடு தின்றால் கல்சியமும் சேரும், விலையும் அறக்குளாவைப் போலில்லை. புளி போட்டுக் காய்ச்சிய சூடைக் குழம்பும் சோறும் ஒரு கீரையும் என்றால் புரத மாப் பெட்டி வாங்கத் தேவையே இல்லை. மரக்கறிக்காரருக்குச் சோறும் மைசூர்ப் பருப்பும், அவித்த பயறு, கடலை, அவற்றோடு கிண்ணியாவின் சட்டித் தயிர். எருமைத் தயிரில் கொழுப்பும் கூடத்தான், கடலுக்குப் போய் வந்தவருக்கு அது குற்றமில்லை. அதன்மேல் பனங்கட்டியைத் துருவிப் போடலாமா என்றால் தாராளமாக. பெண்கள் இரும்புச் சத்தைக் கவனிக்க வேண்டும்: சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலம் பொறுங்கள். பக்கத்தில் தேசிக்காய் பிழிந்த ஒரு சலாது இருந்தால் நல்லது.

மீனில் ஓர் எச்சரிக்கை. சூரை, கும்பளா, சூடை முதலிய மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது, மணத்திலும் எப்போதும் தெரியாது. தின்ற சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரிக்கும், நாக்கில் மிளகுபோல் உறைக்கும். கடற்கரையில் மலிவாகக் கிடைத்ததென்று மத்தியானம் சூரை வாங்கி, கயாக்கோடு கட்டி, பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

விரத நாட்கள்

இந்த மாவட்டத்தில் துடுப்புக் குழு சேர்த்தால் அதில் நோன்பு பிடிப்பவரும் வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரரும் கட்டாயம் இருப்பார்கள். பயிற்சி அட்டவணை போடுகிறவர் இதைப் பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது.

வெள்ளிக்கிழமைக்குப் பெரிய மாற்றம் தேவையில்லை, மீனின் இடத்தில் பருப்பும் தயிரும். கந்தசஷ்டியில் ஆறு நாள் உபவாசம் இருப்பவர்கள் உண்டு. அது ஐப்பசியில் வருவதால் கடலும் அப்போது பெரும்பாலும் இறங்க விடாது, சிக்கல் தானே தீர்ந்துவிடுகிறது.

ரமழான் வேறு மாதிரி. அது ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருவதால் சில வருடங்களில் கச்சான் மாதங்களுக்குள்ளேயே விழும். தண்ணீர்கூட இல்லாத நாளில் கடும் பயிற்சி வைக்கக்கூடாது. இப்தாருக்கு முந்திய கடைசி ஒரு மணித்தியாலத்தில், கரையோரம், நுட்பப் பயிற்சி மட்டும்: வலிப்பின் வடிவம், படகைத் திருப்புவது, கவிழ்ந்தால் ஏறுவது. கரைக்கு வந்தவுடன் நோன்பு திறக்கும் நேரம் வரும். பேரீச்சம்பழமும் தண்ணீரும், அதன்பின் நோன்புக் கஞ்சி. அரிசி, பருப்பு, உப்பு, சூடான நீர் என்று பயிற்சி முடிந்தவருக்கு வேண்டியவை எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. பொரித்த பற்றிஸும் சமோசாவும் முதல் தட்டில் வேண்டாம், தொழுகைக்குப் பின் சாப்பிடலாம். இரவு படுக்குமட்டும் ஒரு போத்தலைப் பக்கத்தில் வைத்துச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். ஸஹருக்கு இடியப்பத்தை விடக் குரக்கன் ரொட்டி, பயறு, முட்டை, தயிர் மேல், மெதுவாகச் செரித்துப் பகலின் முற்பாதி வரை தாங்கும். உப்புக் கருவாட்டை ஸஹரில் தவிர்த்துவிடுங்கள், பகல் முழுக்கத் தாகம் எடுக்கும். நோன்பு பிடித்திருப்பவரைக் கச்சான் நாளில் புறாத்தீவுப் பக்கம் கூட்டிப்போகும் வேலையைப் பெருநாள் முடியும்வரை ஒத்திவையுங்கள்.